பழைய என்டர்பிரைஸ் படகுக்குக் கயிறு மாற்றுவது: எந்த இடத்துக்கு எந்தக் கயிறு?

நீலப்பாய் (சென்னை)

பழைய என்டர்பிரைஸ் பாய்ப்படகு ஒன்று வாங்கியிருக்கிறேன். ஜாக் ஹோல்ட் 1956இல் வரைந்த அதே பதின்மூன்றேகால் அடிப் படகுதான், ஃபைபர் உடல். உடலில் குறை இல்லை. பாய் இரண்டும் இன்னும் சில வருடம் தாங்கும். கயிறுகள்தான் மோசம். ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொருவர் கையில் கிடைத்ததைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மெயின் ஹாலியார்டு, அதாவது பெரிய பாயை ஏற்றுகிற கயிறு, இதில் கம்பி. அடியில் இருக்கும் கயிற்று வால் பாசி பிடித்துக் கிடக்கிறது. முன்பாயான ஜிப்பின் ஹாலியார்டில் கம்பியை எடுத்துவிட்டு நீல பிளாஸ்டிக் கயிறு போட்டிருக்கிறார்கள். அதை உருவினால் உள்ளங்கையில் நீலத் தூள் ஒட்டுகிறது, சிலாம்பும் ஏறுகிறது. மெயின் ஷீட், அதாவது பெரிய பாயைக் கையால் இழுத்துப் பிடிக்கிற கயிறு, 12 மி.மீ. நைலான், காய்ந்த முருங்கைக்காய் மாதிரி விறைத்து நிற்கிறது. ஜிப் ஷீட் இடப்பக்கம் ஒரு கயிறு, வலப்பக்கம் வேறு கயிறு, நடுவில் முடிச்சு. பாயின் வடிவத்தைச் சரிசெய்கிற கிக்கர், அவுட்ஹால், கன்னிங்ஹாம் மூன்றும் பந்தல்காரர் விட்டுப்போன கயிறு என்றே நினைக்கிறேன்.

கிளப்பில் கேட்டால் இரண்டு கட்சி. "காசிமேட்டில் ஒரு சுருள் வாங்கி எல்லாவற்றுக்கும் வெட்டிப் போடு" என்கிறது ஒன்று. "டைனீமா என்கிற அதிகம் நீளாத உயர்ரகக் கயிறு தவிர எதையும் தொடாதே, வெளிநாட்டிலிருந்து வரவழை" என்கிறது இன்னொன்று. எனக்கு வார இறுதியில் துறைமுகத்துக்குள் ஓட்டினால் போதும், எப்போதாவது கிளப் பந்தயம். காசு அளவோடுதான் இருக்கிறது. என்ன செய்யலாம்?

தொண்டிக்காரன்

முதல் கட்சியில் என் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள் தம்பி. தொண்டி, நம்புதாளை, மோர்ப்பண்ணை என்று எங்கள் கரையில் பாய்மரப் போட்டி நடக்கிற ஊர்கள் பல. உங்கள் பாயைவிடப் பெரிய பாய், ஏற்றுகிற கயிறு மீன்பிடி சாமான் கடையில் எடை போட்டு வாங்குவது. நன்றாக வீசுகிற காற்றில் ஆட்கள் பலகை மேல் ஏறி வெளியே சாய்ந்து நிற்பார்கள், அப்போதும் கயிறு அறாது. நீங்கள் ஓட்டுவதோ தடுப்புச் சுவருக்கு உள்ளே. டைனீமா எல்லாம் கடைக்காரன் சம்பாதிக்க.

வல்வைக்காற்று (லண்டன்)

தொண்டி அண்ணை சொல்வது அறுகிறதைப் பற்றி. அதில் எனக்கும் மறுப்பில்லை. நான் இங்கே ஒரு நீர்த்தேக்கத்தில் கனகாலமாக என்டர்பிரைஸ்தான் ஓட்டுகிறேன். சின்னப் படகில் கயிறு பாரத்தால் அறுகிறது அபூர்வம். உரசித் தேய்ந்துதான் அறும். 4 மி.மீ. சாதாரண பொலியெஸ்டர் பின்னல் கயிறே இருநூறு கிலோவுக்கு மேல் தாங்கும். ஆகவே எவ்வளவு தாங்கும் என்று மட்டும் பார்த்தால் கடையில் இருக்கிற எல்லாக் கயிறும் சரியாகத்தான் தெரியும். எவ்வளவு நீளும் என்று பாருங்கோ, அப்போது வித்தியாசம் வெளிக்கும்.

உங்கள் படகில் ஜிப் ஹாலியார்டு என்ன வேலை செய்கிறது என்பதை வடிவாக யோசியுங்கோ. ஜிப் பாயின் முன் விளிம்புக்குள் ஒரு கம்பி ஓடுகிறது. ஹாலியார்டை இழுத்து இறுக்கினவுடன் பாய்மரத்தை முன்னால் பிடித்திருக்கிற ஃபோர்ஸ்டே கம்பி தளர்ந்துவிடும். அதற்குப் பிறகு மரம், பக்கக் கம்பிகள், எல்லாவற்றின் இறுக்கமும் அந்த ஒற்றை ஹாலியார்டில்தான் நிற்கிறது. நூறு கிலோவுக்கு மேல் பாரம், அதுவும் கரைக்குத் திரும்பும்வரை விடாமல். மரத்துக்குள் ஓடுகிற நீளம் ஐந்து மீட்டர் என்று வையுங்கோ. கயிறு வெறும் 3 சதவீதம் நீண்டாலும் 15 செ.மீ. போச்சு. ஜிப்பின் முன் விளிம்பு காற்றுக்குக் கீழ்ப்பக்கமாகத் தொய்யும், பாய் வயிறு வைக்கும், படகு காற்றை எதிர்த்து ஏறாது. நீங்கள் சுக்கானைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

அந்த நீலக் கயிற்றை இன்றைக்கே கழற்றுங்கோ. அந்த இடத்துக்குப் பழையபடி கம்பி, இல்லாவிட்டால் 4 மி.மீ. டைனீமா. இரண்டில் ஒன்று. மற்ற இடங்களைப் பற்றிப் பிறகு கதைக்கலாம்.

தொண்டிக்காரன்

எங்கள் கயிறும் நீளத்தான் செய்யும். அதற்காகப் படகு ஓடாமல் நிற்கிறதா? நீங்கள் வல்வெட்டித்துறைக்காரர் என்று பெயரே சொல்கிறது. உங்கள் ஊரில் கட்டிய அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் வரை போனதே, டைனீமா கட்டிக்கொண்டா போனது?

வல்வைக்காற்று (லண்டன்)

அண்ணை, அதை எடுத்தால் எனக்குப் பதில் சொல்ல வாய் வராது என்று தெரிந்தே எடுத்திருக்கிறீர்கள்.

காற்றுப்பக்கம் (புதுச்சேரி)

சிறு பாய்ப்படகு ஓட்டப் பழக்கிக்கொடுத்தவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. இரண்டு பேரும் வேறு வேறு பாயைப் பற்றிப் பேசுகிறீர்கள், அதனால் இரண்டு பேர் சொல்வதும் சரி.

தொண்டிப் பக்கத்து முக்கோணப் பாயின் முன் விளிம்பு முழுவதும் பருமலோடு சேர்த்துக் கட்டியிருக்கும். விளிம்பை நேராக வைத்திருப்பது அந்தப் பருமல் மரம். ஏற்றுகிற கயிற்றுக்கு இருக்கும் வேலை பருமலை மேலே தூக்கிப் பிடிப்பது மட்டும். அது ஒரு சாண் நீண்டால் பருமல் ஒரு சாண் கீழே வரும். பாயின் வடிவம் மாறாது. என்டர்பிரைஸின் ஜிப்புக்குப் பருமல் கிடையாது. அங்கே விளிம்பை நேராக்குகிற வேலையையும் ஹாலியார்டே பார்க்க வேண்டியிருக்கிறது. நீளுகிற கயிறால் அந்த வேலை நடக்காது.

மெயின் ஹாலியார்டு இந்த இரண்டுக்கும் நடுவில். மெயின் பாயின் விளிம்பு மரத்தின் பள்ளத்துக்குள் நுழைந்திருப்பதால் பக்கவாட்டில் தொய்யாது. ஆனால் கயிறு நீண்டால் பாய் மொத்தமாகக் கீழே இறங்கும், விளிம்பு நெடுகச் சுருக்கம் சுருக்கமாக விழும். காற்று ஏற ஏற இறுக்கம் குறையும் என்பதுதான் இதில் கொடுமை. பலமான காற்றில்தான் பாய் தட்டையாக இருக்க வேண்டும், கயிறு அப்போது பார்த்துத்தான் நீளும்.

தொண்டிக்காரன்

பருமல் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். அப்படி யோசித்ததில்லை. ஆனால் தாமானுக்கு? பாயைக் கையால் இழுத்துப் பிடிக்கிற கயிறு நீண்டால் என்ன, கை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். அதற்கும் வெளிநாட்டுக் கயிறு வேண்டுமா?

காற்றுப்பக்கம் (புதுச்சேரி)

வேண்டாம். மெயின் ஷீட்டில் கை தரும் தீர்ப்புதான் கடைசி. என்டர்பிரைஸ் மெயின் பாய் ஏழரைச் சதுர மீட்டர்கூட வராது. கப்பிகள் வழியாகச் சுற்றி வந்த பிறகு கையில் மிஞ்சுவது சொற்பப் பாரம். 8 மி.மீ. பாலியெஸ்டர் பின்னல் கயிறு ஒரு டன்னுக்குப் பக்கத்தில் தாங்கும், அந்த பலத்தில் கால்வாசிகூட உங்களுக்கு வேண்டாம். அப்புறம் ஏன் 8 என்றால் விரல்கள் அதைவிட மெல்லிய கயிற்றை நெடுநேரம் பிடிக்காது, வெட்டும். கை பெரியது என்றால் 9 போடுங்கள்.

12 மி.மீ. போட்டவர் தடித்த கயிறு பலமானது என்று நினைத்திருப்பார். காலை வேளையில் சென்னைத் துறைமுகத்துக்குள் காற்று அசைந்தும் அசையாமலும் இருக்குமே, அப்போது அந்த 12 மி.மீ. கயிற்றைக் கையிலிருந்து விட்டுப் பாருங்கள். பாயின் அடியில் இருக்கிற பூம் கட்டை வெளியே போகாது. கயிறு கப்பிக்குள் உரசி அப்படியே நிற்கும், காலால் பூமைத் தள்ள வேண்டிவரும். நனைந்தால் இரட்டைக் கனம். மதியம் கடற்காற்று எழுந்ததும் வேறு தொல்லை, நைலான் ரப்பர் போல இழுபடும். காற்று ஒரு வீச்சு வீசும்போது பாய் தானாகத் திறந்து மூடும், படகுக்கு என்ன நடக்கிறது என்ற செய்தி கைக்கு வந்து சேராது.

மெத்தென்று, மேல்பரப்பு கொஞ்சம் சொரசொரப்பான பாலியெஸ்டர் கேளுங்கள். பளபளவென்று வழுக்குவது ஈரக் கைக்கு ஆகாது. உள்ளே பாலிப்ரொப்பிலீன் வைத்துப் பின்னிய லேசான ரகமும் உண்டு, தண்ணீர் குடிக்காது, மெல்லிய காற்றுக்கு அருமை. ஜிப் ஷீட்டுக்கும் இதே குடும்பம்தான், 7 அல்லது 8 மி.மீ. இடமிருந்து வலம்வரை ஒரே கயிறாகப் போடுங்கள், நடு முடிச்சு மரத்தில் மாட்டாது.

நீளத்தைப் பழைய கயிற்றை வைத்து அளக்காதீர்கள். உப்பில் ஊறிய கயிறு சுருங்கியிருக்கும், முனைகளை வெட்டி வெட்டிக் குறைத்தும் இருப்பார்கள். துணி காயப்போடும் கயிற்றை எல்லாக் கப்பி வழியாகவும் கோத்து, பூமை முழுக்க வெளியே தள்ளி, கைக்கு வந்த பிறகு ஒரு பாகம் (இரண்டு கையும் விரித்த நீளம்) மிச்சம் விட்டு வெட்டி அதை அளந்துகொள்ளுங்கள்.

நீலப்பாய் (சென்னை)

நன்றி. நேற்றுக் காசிமேட்டுப் பக்கம் போய் வந்தேன். ஒரு கடையில் வெள்ளைப் பின்னல் கயிற்றைக் காட்டி "பாலியெஸ்டர்தான் சார், நம்பி எடுங்க" என்றார்கள். பக்கத்துக் கடையில் பார்வைக்கு அதே மாதிரி கயிறு, விலை பாதி, அவர்களும் பாலியெஸ்டர் என்றே சொன்னார்கள். இரண்டிலும் ஒரு முழம் வாங்கி வந்திருக்கிறேன். எது உண்மை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இழைஞன் (திருப்பூர்)

நமக்குக் கடல் தெரியாது, நூல் தெரியும். ஒரு வாளித் தண்ணீர் போதும். துண்டு வெட்டி, முனையைப் பிசைந்து உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றிப் போடுங்கள். பாலிப்ரொப்பிலீனின் அடர்த்தி 0.91, பாலிஎத்திலீன் 0.95, இரண்டும் மிதக்கும். பாலியெஸ்டர் 1.38, கல்லாட்டம் போகும். நைலான் 1.14, அதுவும் முழுகும், ஆனால் சாவகாசமாக. கலப்புக் கயிறாக இருந்தால் மேலுறையையும் உள்ளே இருப்பதையும் தனித்தனியாகப் பிரித்துப் போட வேண்டும்.

முழுகியது பாலியெஸ்டரா நைலானா என்று சந்தேகம் வந்தால் நாலு இழை உருவிக் கொளுத்துங்கள், வெளியில் வைத்து, இடுக்கியில் பிடித்து. பாலியெஸ்டர் கரும்புகை விடும், கறுத்த கெட்டி உருண்டை மிஞ்சும். நைலானில் புகை வெளுப்பு. மெழுகுவத்தி அணைத்த வாசனை வந்தால் அது பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன். டையிங் யூனிட்டில் துணிக்குச் செய்கிற அதே சோதனைதான்.

நீலப்பாய் (சென்னை)

வாளி தீர்ப்பு சொல்லிவிட்டது. பாதி விலைக் கயிறு மிதக்கிறது. மற்றது நேராக அடிக்குப் போனது, கொளுத்தினால் கரும்புகை. இரண்டாவதை மெயின் ஷீட்டுக்கும் ஜிப் ஷீட்டுக்கும் வாங்கிவிடுகிறேன். ஹாலியார்டுக்கு டைனீமா இங்கே எங்கே கிடைக்கும்? வெளியிலிருந்து வரவழைத்தால் சுங்கவரியும் தபால் செலவும் கயிற்றின் விலையை மிஞ்சும்போல் இருக்கிறது.

மலைப்பாதை (கோவை)

மலையேறும் சாமான் விற்கிற கடைகளில் 6 மி.மீ. கயிறு மீட்டர் கணக்கில் கிடைக்குமே? ஆள் எடையைத் தாங்குகிறது, பாயைத் தாங்காதா?

வல்வைக்காற்று (லண்டன்)

தாங்கும், ஆனால் அது நைலான். விழுகிற ஆளைப் பிடிக்கிற தடித்த ஏறு கயிறு அளவுக்கு இல்லாவிட்டாலும் அதுவும் நீளும். ஹாலியார்டுக்கு அதைவிடப் பொருத்தமில்லாத சாமான் தேடினாலும் கிடைக்காது. படகைக் கரையில் கட்ட, இழுத்துப்போகப் பாவியுங்கோ, அங்கே நீளுகிறது நல்லது.

மண்சாலை (ஓசூர்)

ஜீப் ஓட்டுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சிக்கிய வண்டியை இழுக்கிற வின்ச்சில் கம்பிக்குப் பதிலாகப் போடுகிற செயற்கைக் கயிறு டைனீமா வகைதான், அதே மிக உயர் மூலக்கூறு எடை பாலிஎத்திலீன் நார், 12 இழைப் பின்னல். சின்ன வின்ச்சுக்கு 5, 6 மி.மீ. கூட வரும். பெரும்பாலும் முழுச் சுருளாக விற்பார்கள். குழுக்களில் கேட்டால் பாதி வெட்டிய மிச்சம் யாரிடமாவது இருக்கும், அடக்க விலைக்குக் கொடுப்பார்கள். தொட்டால் சோப்புத் தடவியது மாதிரி வழுக்கும், தண்ணீரில் மிதக்கும். இரண்டும் இல்லையென்றால் வாங்க வேண்டாம்.

காற்றுப்பக்கம் (புதுச்சேரி)

நல்ல யோசனை. இரண்டு எச்சரிக்கை மட்டும். ஒன்று, அந்தக் கயிற்றுக்கு மேலுறை கிடையாது. கயிற்றைக் கவ்வுகிற கிளீட்டில் பிடிக்காது, நழுவும். மரத்தடியில் கொக்கியில் மாட்டுகிற அல்லது லீவரில் இறுக்குகிற ஹாலியார்டுக்கு அது பிரச்சினை இல்லை. கையில் பிடித்துக் கிளீட்டில் கடிக்கவைக்கும் இடத்தில் மேலுறை உள்ள கயிறுதான் வேண்டும். இரண்டு, தடிப்பு. 4 மி.மீ. ரகமே ஒன்றரை டன் தாங்கும், அதற்கு மேல் தடித்தால் மரத்து உச்சியில் இருக்கும் கப்பியில் ஓடாது. 6 மி.மீ. சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

டைனீமாவுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. விடாமல் பாரத்தில் வைத்தால் மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போகும், விட்டாலும் திரும்பாது. வெப்பத்தில் அது இன்னும் கூடும். நம் ஊர் வெயிலில் படகை நிறுத்தி வைக்கும்போது ஜிப் ஹாலியார்டைத் தளர்த்திவிட்டுப் போங்கள், அவ்வளவுதான்.

நீலப்பாய் (சென்னை)

கம்பியையே மறுபடி போட்டால்? மெயினில் இருக்கும் கம்பி பார்வைக்கு நன்றாக இருக்கிறது.

வல்வைக்காற்று (லண்டன்)

பார்வையை நம்பாதீர்கள். ஒரு துண்டுப் பஞ்சைக் கம்பியைச் சுற்றிப் பிடித்து மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டு வாருங்கோ. எங்கே பஞ்சு மாட்டுகிறதோ அங்கே ஓர் இழை அறுந்து நிற்கிறது. விரலால் செய்து பார்க்க வேண்டாம், அந்த இழைகள் மீன் முள்ளைவிடப் பொல்லாதவை. கப்பியில் வளைகிற இடமும், வாலோடு சேர்கிற இடமும்தான் முதலில் போகும். பஞ்சு மாட்டாமல் வந்தால் மெயினுக்குக் கம்பியை அப்படியே வைத்துக்கொண்டு வாலை மட்டும் மாற்றுங்கோ, காசு மிச்சம். நான் இரண்டுக்கும் டைனீமாதான் போட்டிருக்கிறேன். ஆனால் மெயினுக்கு அது ஆசைக்குச் செய்தது, ஜிப்புக்குத் தேவைக்குச் செய்தது.

மண்சாலை (ஓசூர்)

கயிறு கிடைத்த பிறகு முடிச்சுப் போட்டு மாட்டிவிடாதீர்கள். இந்த நாரில் சாதாரண முடிச்சு வழுக்கி அவிழும். அவிழாமல் நின்றாலும் கயிற்றின் பலத்தில் பாதிக்கு மேல் போய்விடும். வின்ச்சில் நாங்கள் செய்வது கயிற்றின் வாலைக் கயிற்றுக்குள்ளேயே செருகுவது. உள்ளே பொள்ளலாக இருக்கும், இரண்டு பக்கமும் நெருக்கினால் வாய் திறக்கும். மெல்லிய இரும்புக் கம்பியை இரண்டாக மடித்து ஊசியாக்கி வாலை அதில் கோத்து இழுக்க வேண்டும். செருகும் நீளம் தடிப்பைப் போல 72 மடங்கு என்பது கணக்கு, 4 மி.மீ. கயிற்றுக்கு 29 செ.மீ. வாலின் கடைசியில் ஒன்றிரண்டு இழைகளாக வெட்டி மெலிதாக்கிச் செருகுங்கள், திடீரென்று முடிந்தால் அந்த இடம் பலவீனம். முடித்ததும் குறுக்கே நாலு தையல். பாரம் ஏற ஏற வெளிக்கயிறு உள்வாலைக் கவ்விக்கொள்ளும்.

காற்றுப்பக்கம் (புதுச்சேரி)

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். முதல் தடவை இறுக்கும்போது பின்னல் படிந்து சில செ.மீ. நீளும். ஆகவே மேல் முனையை மட்டும் செருகி முடித்து, படகில் மாட்டி நன்றாக இறுக்கிப் படிய விட்டு, அதற்கப்புறம் கீழ் முனை வளையத்தின் இடத்தைக் குறியுங்கள். முன்கூட்டியே அளந்து இரண்டு முனையும் முடித்தால் லீவர் முழுக்க மடங்கியும் ஜிப் தொய்வாக நிற்கும்.

பாலியெஸ்டர் கயிறுகளுக்கு இந்தப் பாடு எல்லாம் இல்லை. வெட்டும் இடத்தில் டேப் சுற்றி, பழுக்கக் காய்ச்சிய பழைய கத்தியால் வெட்டுங்கள், முனை உருகி ஒட்டிக்கொள்ளும். மேலே செருப்புத் தைக்கிற மெழுகு நூலால் ஒரு விரற்கடை நீளத்துக்கு இறுக்கிச் சுற்றிக் கட்டினால் வருடக்கணக்கில் பிரியாது. உருக்கியதோடு விட்டால் அந்தக் கட்டி உடைந்து கையைக் கிழிக்கும்.

தொண்டிக்காரன்

அப்போ காசிமேட்டுக் கயிற்றுக்கு இந்தப் படகில் இடமே இல்லையா?

காற்றுப்பக்கம் (புதுச்சேரி)

இருக்கிறது அண்ணே. முன்னால் கட்டுகிற இழுவைக் கயிறுக்கு அந்த மிதக்கிற பாலிப்ரொப்பிலீன்தான் முதல் தேர்வு. படகு கவிழ்ந்து மீட்புப் படகு வரும்போது கயிறு தண்ணீருக்கு மேலே கிடந்தால் எட்டிப் பிடிக்கலாம். முழுகினால் அவர்கள் புரொப்பெல்லரில்தான் போய்ச் சுற்றும். நீலப்பாய் வாங்கி வந்த பாதி விலைக் கயிறு 8 மி.மீ. இருந்தால் அதற்கே போடட்டும். வெயில் அதைத் தின்றுவிடும், கையில் தூள் ஒட்ட ஆரம்பித்ததும் மாற்றிவிட வேண்டும். விலை அப்படி என்பதால் மனம் வலிக்காது.

இன்னொரு இடத்தை யாரும் சொல்லவில்லை. வெளியே சாய்ந்து உட்காரும்போது கால் மாட்டுகிற பட்டை இருக்கிறதே, அதைப் படகோடு கட்டியிருக்கும் சின்னக் கயிறு. ஓர் ஆளின் முழு எடையும் அதில்தான் தொங்குகிறது. எல்லாரும் பட்டையைப் பார்ப்பார்கள், கட்டை யாரும் பார்ப்பதில்லை. அது அறுந்தால் மல்லாக்கக் கடலில் விழுவீர்கள். 4 மி.மீ. பாலியெஸ்டரில் பல சுற்றுச் சுற்றிப் புதிதாகக் கட்டிவிடுங்கள். இந்த இழையில் பேசிய எல்லாவற்றிலும் மலிவான வேலை இது.

வல்வைக்காற்று (லண்டன்)

கால்பட்டைக் கட்டுக்கு நானும் ஆமாம். கிக்கரைப் பற்றியும் ஒரு வரி. கப்பிக்குக் கப்பி பாரம் பெருகி, பூமுக்குப் பக்கத்தில் இருக்கிற முதல் கயிற்றில்தான் அதிகம் விழும். அந்தத் துண்டுக்கு மட்டும் ஜிப் ஹாலியார்டு வெட்டின மிச்ச டைனீமா போதும். கையில் வருகிற வாலுக்கு 5 மி.மீ. பொலியெஸ்டர், கிளீட் எந்தத் தடிப்புக்குச் செய்தது என்று பார்த்து எடுங்கோ. அவுட்ஹாலும் கன்னிங்ஹாமும் 4 மி.மீ. எதுவென்றாலும் ஓடும்.

நிறத்தை வேறு வேறாக எடுங்கோ. பழகாத ஆளைக் கூட்டிப்போனால் "கன்னிங்ஹாமை இழு" என்று கத்துவதைவிட "சிவப்பை இழு" என்பது சுகம்.

நீலப்பாய் (சென்னை)

பஞ்சுச் சோதனை செய்தேன், மெயின் கம்பி தேறியது. ஓசூர் நண்பர் சொன்ன வழியில் 4 மி.மீ. மிச்சச் சுருள் ஒன்றும் கிடைத்துவிட்டது, மிதக்கிறது, வழுக்குகிறது. மெயின் ஷீட்டுக்கும் ஜிப் ஷீட்டுக்கும் 8 மி.மீ. பாலியெஸ்டர் வாங்கியாயிற்று. பழைய கயிறுகளில் ஜிப் ஷீட்டின் ஒரு பாதி மட்டும் நன்றாக இருக்கிறது. துவைத்தால் வேறு எதற்காவது ஆகுமா? இன்னொன்று, நீலக் கயிற்றை உருவிவிட்டால் மரத்துக்குள் புதுக் கயிற்றை எப்படிக் கொண்டுபோவது?

இழைஞன் (திருப்பூர்)

துவைக்கலாம். முதலில் வெறும் தண்ணீரில் இரவு முழுக்க ஊறப்போட்டு உப்பை இறக்குங்கள். இழைகளுக்கு நடுவே காய்ந்த உப்புப் பரல்தான் உள்ளிருந்து அறுப்பது. பிறகு தலையணை உறைக்குள் போட்டு வாய் கட்டி மெஷினில், குறைந்த சோப்பு, குளிர்ந்த தண்ணீர். ப்ளீச்சிங் பவுடர் ஆகவே ஆகாது. சென்னையில் சில இடங்களில் போர் தண்ணீரே கடல் தண்ணீர் மாதிரிதான், லாரித் தண்ணீர் வருகிற நாளில் செய்யுங்கள்.

மேலே லேசாகப் பஞ்சு விட்டிருந்தால் பயமில்லை. நீளவாட்டில் விரலால் உருவிக்கொண்டே வாருங்கள். ஓர் இடம் மட்டும் தட்டையாக அமுங்கினால் உள்ளே நார் போய்விட்டது. கண்ணாடி மாதிரி பளபளத்துக் கெட்டியாக இருந்தால் உரசலில் உருகியிருக்கிறது. அந்த இடத்தில் வெட்டிவிட்டு மீதியைச் சின்னக் கட்டுகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

காற்றுப்பக்கம் (புதுச்சேரி)

நீலக் கயிற்றை உருவாதீர்கள், இப்போதைக்கு அதுதான் வழிகாட்டி. மரத்தை இறக்கி இரண்டு ஸ்டூல் மேல் கிடத்துங்கள். பழைய கயிற்றின் முனையையும் புதுக் கயிற்றின் முனையையும் ஒன்றின் மேல் ஒன்று வைக்காமல் தலைக்குத் தலை முட்டவைத்து, ஊசி நூலால் நாலு பக்கமும் தைத்து, மேலே டேப்பை மெலிதாகச் சுற்றுங்கள். தடிப்பு கூடினால் கப்பியில் சிக்கும். ஒருவர் இழுக்க, இன்னொருவர் பின்னாலிருந்து ஊட்ட வேண்டும். அந்த நீலக் கயிறு மக்கியிருக்கிறது என்கிறீர்கள், அதனால் முதலில் அதோடு மீன்பிடி நரம்பைக் கட்டி இழுத்துப் பாருங்கள், அறுந்தாலும் நஷ்டமில்லை. நரம்பு உள்ளே போன பிறகு அதை வைத்து டைனீமாவை இழுக்கலாம்.

மரம் கீழே இருக்கும்போதே ஜிப் கப்பியைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள். அது கம்பிக்கென்று செய்த கப்பி, பள்ளம் குறுகலாக ஆழமாக இருக்கும். 4 மி.மீ. கயிறு பள்ளத்தின் அடிவரை உட்கார வேண்டும். உட்காராமல் விளிம்பில் ஏறினால் பாரம் வந்ததும் கப்பிக்கும் பெட்டிக்கும் நடுவில் இறங்கிக் கவ்விக்கொள்ளும், பாய் மேலேயும் போகாது, கீழேயும் வராது. அப்படி இருந்தால் அகலப் பள்ளக் கப்பி மாற்றியாக வேண்டும். கம்பி ஓடிய இடங்களில் அலுமினியம் அறுபட்டுக் கூர் விட்டிருக்கும். நைஸ் எமரித் தாளை விரலில் சுற்றி நகம் மாட்டாத வரைக்கும் தேயுங்கள்.

நீலப்பாய் (சென்னை)

கப்பியைக் கழற்றிவிட்டேன். பள்ளத்தில் கயிறு பாதிதான் இறங்குகிறது, ஒரு பக்க விளிம்பு வேறு உடைந்திருக்கிறது. மின்ட் தெருப் பக்கம் லேத் பட்டறையில் அசிட்டால் பிளாஸ்டிக்கில் புதிதாகக் கடைந்து தரக் கேட்டிருக்கிறேன். பள்ளத்தின் அகலம் எவ்வளவு சொல்ல வேண்டும்?

வல்வைக்காற்று (லண்டன்)

4 மி.மீ. கயிற்றுக்கு நாலரை, அடி வட்டமாக, V மாதிரி வேண்டாம். வெளி விட்டம் பெட்டி எவ்வளவு விடுகிறதோ அவ்வளவு பெரிதாக. பழைய கப்பியையும் அச்சாணியையும் கையோடு கொண்டுபோங்கோ, ஓட்டையை அவர்கள் அதைப் பார்த்துத்தான் போட வேண்டும்.